அடுப்புக்கு ஒரு றெயின்கோட்

மகளை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போன பஸ்ஸில், மாங்கேணியில் ஏறிய இரண்டு பெண்கள் எங்களுக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள்.

"அடுப்புக்கு றெயின்கோட் ஒண்டு வாங்கோணும் மாமி," என்றாள் இளையவள்.

"ஏன்கா, அதுக்குத் தடிமன், இருமலா?"

"சிரிக்காதீங்க. நான் வேலை செய்யிற கெஸ்ட் ஹவுசில பழசெண்டு தந்த மண் அடுப்பு. பானை வயிறு, மேல புகைபோக்கி. வெளி முத்தத்தில வைக்கிறது. நனைஞ்சா வெடிக்கும் எண்டாங்க. அதான் மழைக்கு வீட்டுக்குள்ள வச்சன்."

"வச்சா?"

"நுளம்பு கடிக்குது எண்டு பின்னேரம் கரி போட்டு மூட்டினன். சாரலுக்குக் கதவு, யன்னல் எல்லாம் பூட்டு. மகன் தலையிடி எண்டான், பிறகு பேச்சில்ல. எனக்கும் எழும்ப ஏலாது."

மாமி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"பக்கத்து வீட்டு ராத்தா கூப்பிட்டுப் பாத்திட்டு, பின்கதவ உடைச்சு, ரெண்டு பேரையும் மழைக்குள்ள இழுத்துப் போட்டிருக்கா. காத்துப் பட்டுத்தான் அவன் கண் முழிச்சான். நேத்து பள்ளிக்கும் போனான்."

"அவவுக்கு என்னகா குடுத்தாய்?"

"என்ன வேணும் ராத்தா எண்டு அழுதழுது கேட்டன். 'ஒரு சுண்டு சீனி கேட்டுத்தான் வந்தன், இன்னும் நீ தரல்ல' எண்டா."