நிழலில் காய்ந்த கூறை

பட்டு கலந்த சேலையை வெயிலில் காயப்போடக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் போலீஸ்காரர் நேற்று அதை ஸ்டேஷன் வாசல் கம்பியில் விரித்துப் போட்டிருந்தார். நாற்றம் போகட்டும் என்று நினைத்திருப்பார். சுடுகாட்டு நாற்றம் அதில் இல்லை. என் கையால் மூன்று தண்ணீர் அலசிய துணி. நிழலில், காற்றோட்டத்தில், உள்பக்கம் வெளியே தெரியக் காயப்போட வேண்டும். மூர்த்தி ஐயா, நான் சொல்வதை இங்கிலீஷில் மாற்றி இன்ஸ்பெக்டரிடம் சொல்வது உங்கள் வேலை என்றார்கள். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் பெயர் கிருஷ்ணம்மா. வயது முப்பத்தொன்பது. லாயாங் லாயாங் ரயில் ஸ்டேஷனிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருக்கிற ரப்பர் தோட்டத்தில் என் தம்பி சதாசிவம் கிராணியாக இருக்கிறான். ஆபீசில் எழுத்து வேலை. கல்யாணமான இரண்டாம் வருஷம் தாலியறுத்துக்கொண்டு அவனிடம் வந்தவள் நான். புருஷன் வீட்டில் எனக்கு எடுத்த கூறைப்புடவை மட்ட ரகம், நூல் சேலை. அதையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷமாக வெள்ளை.

நீங்கள் கேட்கிற சேலை என் அம்மாவுடைய கூறை. மாயவரத்துப் பக்கம் நெய்தது. அரக்குச் சிவப்பில் சின்னக் கட்டம், கரையில் விரலகலச் சரிகை. அம்மாவுக்குக் கல்யாணம் ஆனபோது எடுத்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். இப்போது கடையில் விற்கிற பட்டை அதன் பக்கத்தில் வைத்தால் கோணிச்சாக்கு மாதிரி இருக்கும்.

எங்கள் வழக்கத்தில் தாலியோடு சாகிற பெண்ணுக்குக் கூறையைக் கட்டித்தான் மண்ணுக்கு அனுப்புவார்கள். அம்மாவுக்கு அது கொடுத்துவைக்கவில்லை. நாங்கள் இந்த நாட்டுக்குக் கப்பலில் வந்தபோது பேதி பரவி, எல்லாரையும் ஒரு தீவில் இறக்கி அடைத்துவைத்தார்கள். அம்மா அங்கேயே போய்விட்டாள். கிட்டே யாரையும் விடாமல், முகாம் துணியில் சுற்றிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டார்கள். எனக்கு அப்போது பத்து வயது. சேலை பெட்டிக்குள்ளேயே இருந்து தப்பியது. தோட்டத்துக்கு வந்ததும் அப்பா அந்தப் பெட்டியைச் சாமியாக்கினார். சுமங்கலியாகப் போனவள் அல்லவா. தை மாதம் பெட்டியைத் திறந்து, சேலையை மணைமேல் வைத்து, பூ வைத்துக் கும்பிடுவோம். அந்த நாளிலிருந்து, புருஷன் வீட்டில் இருந்த நாள் போக, அதைப் பராமரித்தது நான்தான்.

ஜொகூரில் பட்டுக்கு எதிரி பூச்சியல்ல, ஈரம். கார்த்திகை மழையில் சுவரே வேர்க்கும். ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் பூஞ்சணம் பூத்துவிடும். அதனால் மாதம் ஒருமுறை எடுத்து ஆறவிட்டு, பழைய மடிப்பு வராமல் வேறு மடிப்பாக மடிப்பேன். ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை முறியும். கோயில் மரத்து வேப்பிலையை நிழலில் உலர்த்தி, மல் துணியில் முடிந்து, ஓரத்தில் வைப்பேன். சேலையைத் தொடும் முன் கையைத் தவிடு போட்டுக் கழுவுவேன். இத்தனை வருஷத்தில் என் கை ரேகைகூட அதில் படிந்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் தம்பிக்குக் கல்யாணம் செய்தோம். ரப்பர் விலை விழுந்திருந்த நேரம், புதிதாகக் கூறை எடுக்கத் தோதில்லை. அம்மாவின் ஆசீர்வாதமாக இருக்கட்டும் என்று அந்தச் சேலையையே கொடுத்தான். பெண் ஆயர் ஈத்தாம் பக்கத்துக் கங்காணி மகள், புஷ்பவள்ளி. கெட்ட பெண் என்று சொல்லமாட்டேன். சிரித்த முகம். ஒரு நாள் கட்டிவிட்டு மடித்துக் கொடுத்திருந்தால் எனக்கும் அவளுக்கும் ஒரு பேச்சும் இருந்திருக்காது.

அவள் அதைக் கட்டிக்கொண்டே இருந்தாள். தீபாவளிக்குக் கட்டினாள், தீமிதிக்குக் கட்டினாள், குளுவாங்கில் யார் வீட்டுக் காதுகுத்துக்கோ கட்டிக்கொண்டு ரயிலேறினாள். எங்கே போனாலும் அவளுக்கு வேர்க்கும். உட்கார்ந்திருந்தாலே வேர்க்கும் உடம்பு. கழுத்து மடிப்பில் பவுடர் உருண்டு அழுக்காக நிற்கும், அக்குளில் வட்டம் போடும். தலையில் தேங்காயெண்ணெய் வழிய வழியத் தேய்த்து, அந்தப் பின்னலை முந்தானைமேல் போட்டுக்கொள்வாள். ஒருமுறை திரும்பி வந்தபோது முந்தானை ஓரத்தில் டுரியான் பழச் சுளை ஒட்டிக் காய்ந்திருந்தது. கையைத் துடைத்திருக்கிறாள். நாற்பது வருஷத்துச் சரிகையில். நான் கொல்லைக்குப் போய் வாந்தியெடுத்துவிட்டு வந்துதான் பூந்திக்கொட்டை ஊறவைத்தேன்.

அவள் உடம்பைத் தொட்டு அவிழ்த்த துணியைத் தொடுவதே எனக்கு அருவருப்பாக இருந்தது. இடுப்பில் செருகிய இடம் சொதசொதவென்று, வெதுவெதுப்பாக, புளித்த மாவு வாடையோடு இருக்கும். அதைக் கையிலெடுத்து முகர்ந்து, எந்த இடத்தில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று நான்தான் பார்ப்பேன். பார்க்காமல் துவைக்க முடியாது.

ஒருநாள் மத்தியானம் நான் மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சேலையைப் பார்த்துச் சொன்னாள்:

"அண்ணி, ஒரே ஒரு தடவ கட்டிப் பாருங்களேன். கதவச் சாத்திடுறேன். யாரு பாக்கப் போறா?"

அவ்வளவு அசிங்கமான பேச்சை நான் அதுவரை யார் வாயிலும் கேட்டதில்லை. தாலியறுத்தவளைப் பார்த்து. அதுவும் அன்பாகச் சொன்னாள், அதுதான் தாங்கவில்லை. நான் மடித்து முடித்துப் பெட்டியைப் பூட்டினேன்.

அப்புறம் ஏழாம் மாதம், வளைகாப்பு. நான் கொல்லைப்புறத்தில் இருந்தேன். அந்த மாதிரிச் சடங்கில் நான் முன்னால் வரக்கூடாது. ஜன்னல் வழியாகத் தெரிந்தது. தொழிலாளர் லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவள் கன்னத்திலும் கையிலும் சந்தனத்தை அப்பினார்கள். அப்பிய சந்தனம் வழிந்து சேலையில் விழுந்தது, மேலே குங்குமம் கொட்டியது. அவள் சிரித்துக்கொண்டு வயிற்றைத் தடவினாள், சந்தனக் கையோடு. கறை போக எனக்கு ஆறு நாள் ஆனது. முழுக்கப் போகவில்லை.

ஏழாவது நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

இதற்குமேல் நான் சொல்லப்போவது உங்கள் தாளில் இல்லை. நீங்கள் குழியைப் பற்றித்தான் கேட்டீர்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கொசுக்கடிக் காய்ச்சல்தான், மலேரியா என்பார்களே அது. தோட்டத்தில் வீட்டுக்கு ஒருவருக்கு எப்போதும் இருக்கும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஐயாசாமி வந்து பார்த்துவிட்டுக் கொய்னா மருந்து ஒரு பாட்டில் கொடுத்தார். எத்தனை வேளை என்று காகிதத்தைப் பல்பல்லாக வெட்டிப் பாட்டிலில் ஒட்டியிருந்தார். மூன்று நாளில் காய்ச்சல் விடாவிட்டால் ரயிலேற்றிக் குளுவாங் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். வயிற்றுப் பிள்ளைக்காரி, அசட்டையாக இருக்காதே என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

குளிர் வந்தபோது வீட்டிலிருந்த போர்வையெல்லாம் போட்டும் அவளுக்கு நடுக்கம் அடங்கவில்லை. பல் கிட்டிப்போக, தம்பியிடம் அவள் கேட்டாள்:

"அத்தையோட சேலையக் குடுங்க. அவங்க பாத்துக்குவாங்க."

அவன் என்னைக் கேட்கவில்லை. சாவியைத் தூணிலிருந்து எடுத்து, பெட்டியைத் திறந்து, சேலையை உதறி அவள்மேல் போர்த்தினான். கழுத்துவரை இழுத்துவிட்டான். அவள் ஓரத்தை வாயில் கவ்விக்கொண்டாள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது அந்தக் காய்ச்சல் வந்திருந்தால் தெரியும். கொய்னா உள்ளே போனால் காய்ச்சல் விடும். காய்ச்சல் விடும்போது வேர்க்கும். பாய் நனைந்து, தலையணை நனைந்து, பிழிகிற அளவுக்கு வேர்க்கும். சேலையை உருவிப் பார்த்தேன், இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வேறு வழி தெரியவில்லை. வேப்பிலை முடிச்சை அவிழ்த்துக் கஷாயம் போட்டேன். அதுவும் கசப்பு, இதுவும் கசப்பு. கொய்னாவை வேளைக்கு ஒரு பல் அளவு கொல்லை வாழைக்கு ஊற்றிவிட்டு, கஷாயத்தைக் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, "கஷ்டப்படுத்துறேனே அண்ணி" என்றாள். தம்பி ஆபீசிலிருந்து வந்து பாட்டிலைப் பார்ப்பான், மருந்து சரியாக இறங்கியிருக்கும். மூன்றாம் நாள் குளுவாங்குக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டான். காய்ச்சல் தணிந்திருக்கிறது, அலைக்கழிக்க வேண்டாம் என்றேன். அவன் நான் வளர்த்த பிள்ளை. நான் சொன்னால் மறுபேச்சு இல்லை.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வேர்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். எட்டாம் நாள் காலையில் போய்விட்டாள். பிள்ளையும்தான்.

லயத்துப் பெண்கள் வந்து குளிப்பாட்டினார்கள். நான் சேலையைத் தனியே எடுத்து, முகர்ந்து, பூந்திக்கொட்டையை ஊறப்போட்டுவிட்டு நின்றேன். மனசு லேசாக இருந்தது. அப்போது வெள்ளையம்மா என்கிற கிழவி வாசற்படியில் வந்து நின்று, சாதாரணமாகக் கேட்டாள்:

"கூறைய எடுத்துக் குடு தாயி. கட்டிவிடணும்ல."

வழக்கத்தைச் சற்று முன் நானேதான் உங்களுக்குச் சொன்னேன். ஆனால் அந்த எட்டு நாளில் ஒருமுறைகூட அது என் நினைவுக்கு வரவில்லை. வெள்ளை கட்டியவளுக்குச் சாவு என்றால் வெள்ளைதான். கூறையோடு போகலாம் என்பது எனக்கில்லாத விஷயம், அதனால் மறந்துவிட்டேன். கையில் வைத்திருந்ததைக் கொடுத்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் கட்டி, தலைநிறையப் பூ வைத்து, மஞ்சள் பூசித் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு நான் அழுத அழுகையைப் பார்த்து, நாத்தனார் என்றால் இப்படி இருக்கணும் என்று பேசிக்கொண்டார்களாம்.

புதைத்த மூன்றாம் நாள் காலை போனேன். பகலில்தான் போனேன், ஒளிந்து செய்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. எல்லாரும் ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டப் போயிருந்தார்கள். லாலான் புல் மண்டிய மேட்டில்தான் தோட்டத்துச் சுடுகாடு. தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியதால் இடுப்பளவிலேயே நிறுத்திப் புதைத்திருந்தார்கள், மண்ணும் இளக்கமாக இருந்தது. சங்கோல் மண்வெட்டியால் வெட்டக்கூடாது, துணியில் படும். கடைசி ஒரு முழத்தைக் கையால் அள்ளினேன்.

வயிறு ஊதியிருந்தது. தோல் கையோடு வந்தது. போலீஸ் டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதினாராம். எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. உயிரோடு இருந்தபோது கழற்றிப் போடுவாளே, அதைவிட மோசமில்லை. முந்தானையை இழுத்தால் கிழிந்துவிடும், கொசுவத்தை முதலில் உருவ வேண்டும். உருவினேன். உடம்பைப் புரட்டிப் புரட்டி எடுத்தேன். வெறும் உடம்பாகப் போட்டுவிட்டு வரவில்லை. என் வெள்ளைச் சேலை ஒன்று, துவைத்தது, கையோடு கொண்டுபோயிருந்தேன். அதைச் சுற்றிவிட்டேன். மானத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

பதினாறாம் நாள் சடங்கு. அவளுக்கு ஒரு புதுச்சேலை எடுத்து, அதையும் பெட்டியில் வைத்துக் கும்பிடலாம் என்று தம்பி பெட்டியைத் திறந்தான். உள்ளே அம்மாவின் கூறை, புதுமடிப்பில் இருந்தது. அவன் கத்தவில்லை. மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டான்:

"அக்கா, இத நாமதானே அவளுக்குக் கட்டி அனுப்புனோம்?"

மண்ணில் கிடக்க வேண்டிய துணியாடா இது என்றேன். நியாயமான கேள்வி. அவன் எழுந்து, போலீசுக்குச் சொல்ல ஆபீசுக்கு நடந்தான். குழியைத் திறந்து பார்த்தபோது அவளை வெள்ளையில் கண்டதும் அங்கேயே விழுந்துவிட்டான் என்று சொன்னார்கள். எதற்கு விழ வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

ஒன்றைத் திருத்த வேண்டும். சேலையின் இடுப்புப் பக்கத்திலும் முந்தானை தோளில் படுகிற இடத்திலும் ஒரு கறை இருப்பதாகவும், அது பிணத்தின் கறை என்றும் டாக்டர் எழுதியிருக்கிறாராம். தப்பு. அவள் கறை அத்தனையும் போய்விட்டது, சந்தனம்கூடப் போய்விட்டது. சேலை நன்றாகக் காய்ந்த அன்று மத்தியானம், தம்பி ஆபீசில் இருந்தான். கொசுவம் முன்போல விழுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அதைக் கட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கதவைச் சாத்தினேன். அவள் சொன்னது சரிதான், பார்க்க யாரும் இல்லை. சாயங்காலம் தோட்டத்துச் சங்கு ஊதும்வரை கண்ணாடி முன்னால் நின்றேன். அந்த வீட்டில் மத்தியானம் புழுக்கம் அதிகம்.

அது என் வேர்வை. அதை மட்டும் நான் துவைக்கவில்லை.