இறங்காத கொக்குகள்

தலைமை ஏற்றிருக்கும் பச்சையப்பன் ஐயா அவர்களே, சம்பூர்ணம் டீச்சரின் குடும்பத்தாரே, ஆம்பூர்ப் பெரியோர்களே, வணக்கம்.

சற்று முன் டீச்சரின் கடைசி அனிமேஷன் படத்தைத் திரையிட்டபோது கைதட்டிய ஆள் நான்தான். திரை கருத்ததும் படம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். டீச்சரின் வயலின் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. "அப்பா, கையை மடியில வைப்பா" என்றாள் என் மகள் மெர்சி. இரங்கல் கூட்டத்தில் தனியாகக் கைதட்டியவன் என்று இனி ஊரில் எனக்கு ஒரு பெயர் இருக்கும்.

ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவன் நான். கச்சேரியில் தூங்காமல் உட்கார்ந்திருப்பதே பெரிய மரியாதை என்று நம்புகிறவன். எனக்கு டீச்சரைப் பற்றிப் பேச என்ன தகுதி? வேஸ்ட் தோலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அந்தத் தோலில் டீச்சர் கொக்கு வெட்டுவார். மேஜைமேல் வைத்து, நூலளவு நகர்த்துவார். மெர்சி ஒரு படம் எடுப்பாள். மறுபடி நகர்த்துவார். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால், டீச்சர் வயலினில் வாசித்த கல்யாணி ராகத்துக்குப் பாலாற்றில் கொக்கு நடக்கும். ஸ்வரத்தை வளைக்கும் கமகம் வந்தால் அதன் கழுத்தும் வளையும்.

ஒருநாள் கேட்டேன்: "இன்னா டீச்சர், கொக்கு ஒரு அடி வைக்கறதுக்குள்ள ஒரு ஷிஃப்டே முடிஞ்சுடும் போல?"

"உங்க ஷூ மட்டும் ஒரே குத்துல வந்துடுதா, ஜோசுவா? வாசிச்சது எங்க போகுதோ அங்கதான் கொக்கும் போகும். நீங்க பேஜார் பண்ணாம அந்த லைட்டைப் பிடிங்க."

பிடித்தேன். படத்தில் ஓரிடத்தில் ஆற்றின்மேல் ஒரு நிழல் விழுகிறதே, மேகம் என்று நினைத்தீர்களா? என் முழங்கை அது. "இருக்கட்டும், தாளத்துல சரியா விழுந்திருக்கு" என்று டீச்சர் விட்டுவிட்டார்.

போன வாரம் மாரடைப்பில் டீச்சர் போய்விட்டார். வாசிப்பு முழுவதும் பதிவாகி இருக்கிறது. கொக்குகள்தான் இறங்காமல் இன்னும் வானத்தில் நிற்கின்றன; அதற்குமேல் படம் எடுக்கவில்லை, அதனால்தான் திரை கருத்தது.

மெர்சிக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். படத்தை முடிக்க ஒரு மாதம் கேட்டாள். அந்தச் சென்னைக் கம்பெனி பொறுப்பதாகச் சொன்னது. அவள் அப்பன்தான் பொறுக்கவில்லை.

டீச்சர் அவர்களே, அந்தக் கொக்குகளை அப்படியே விட்டுவிட மாட்டோம். தோல் நான் தருவேன். லைட்டும் நானே பிடிப்பேன், முழங்கையை மடக்கிக்கொண்டு. நன்றி, வணக்கம்.

நினைவு மலருக்காக எழுதும்போது இதையும் சேர்க்கிறேன். மேடையில் ஒன்றை மட்டும் சொல்லவில்லை: மெர்சியின் திங்கட்கிழமை ரயில் டிக்கெட்டை, கூட்டத்துக்குக் கிளம்புமுன்பே நான் கேன்சல் செய்திருந்தேன்.