மஞ்சள் சீட்டுகள்

எனக்குச் சாக்பீஸ் தூசி ஒத்துக்கொள்ளாது, சார். இருபத்திரண்டு வருடம் தும்மிக்கொண்டே பாடம் நடத்தியவள் நான். அதனால் வகுப்புக்கு இணையப் பலகை வந்தபோது மற்ற டீச்சர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், நான் சந்தோஷப்பட்டேன்.

அது எப்படி வேலை செய்யும் என்று கேட்டீர்கள். பிள்ளைகள் சேர்ந்து வேலை செய்யப் பழகட்டும் என்று கொடுத்த ஒரு பெரிய வெள்ளைத் திரை, அவ்வளவுதான். பிள்ளைகள் ஆளுக்கொரு டேப்லெட்டிலிருந்து அதில் சின்னச் சீட்டு ஒட்டலாம், படம் போடலாம், குரல் பதிந்து சேர்க்கலாம். ஒருவர் ஒட்டியதை இன்னொருவர் அழிக்கலாம். எழுதியவர் பெயர் வராது. கூச்சப்படுகிற பிள்ளைகளும் எழுதட்டும் என்று பெயரை மறைத்து வைத்தது நான்தான். அதற்காகக் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்கள்.

ஐந்தாம் வகுப்பு, முப்பத்துநான்கு பிள்ளைகள். எல்லோரும் சேர்ந்து மழையைப் பற்றி ஒரு ஒலிப்பாடம் தயாரிக்கச் சொன்னேன். குரல் கொடுக்க அவர்கள் தேர்ந்தெடுத்தது சொட்டுவை.

சொட்டு என்பது நான் வைத்த பெயர், மனதுக்குள் மட்டும். அந்தப் பெண்ணுக்கு வருடம் முழுக்க மூக்கு ஒழுகும். மேலுதட்டில் காய்ந்தும் காயாமலும் ஒரு கோடு இருக்கும். சட்டைக் கையால் துடைப்பாள், அதே கையால் டேப்லெட்டைத் தொடுவாள், திரையில் பிசுக்கு மினுங்கும். சாயந்திரம் டேப்லெட்டுகளை அலமாரியில் அடுக்குவது என் வேலை. அவளுடையதை மட்டும் காகிதம் வைத்துப் பிடித்துத்தான் எடுப்பேன். அப்படியும் இரண்டு தடவை கை கழுவுவேன்.

அவளுடைய அம்மா தையல்காரி. ஒருநாள் வந்து நின்றாள். "சளி இல்லீங்க டீச்சர். மூக்குக்குள்ள எலும்பு வளைஞ்சிருக்காம். லீவுல ஆபரேஷன் வெச்சிருக்காங்க. அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க."

பொறுத்துக்கொண்டேன். ஆனால் காரணம் தெரிந்துவிட்டால் ஒழுகுவது நின்றுவிடுமா, சொல்லுங்கள்.

அவள் பதிந்ததை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். மேகம் குளிர்ந்து, ஒரு உறிஞ்சல். மழையாகி, ஒரு உறிஞ்சல். ஈரமான சத்தம், என் காதுக்குள்ளேயே. டிபன் பாக்ஸைத் திறந்த கையோடு மூடிவிட்டேன். வேறு யாராவது படிக்கட்டும் என்று வகுப்பில் சொன்னேன்.

"இவதான் டீச்சர் எங்கள்லயே நல்லா படிப்பா," என்றாள் வகுப்புத் தலைவி. "அந்தச் சத்தம் எங்களுக்குப் பழகிப்போச்சு."

பழகிப்போய்விட்டதாம். உண்மையைச் சொன்னால், மூக்கைவிட அந்தப் பதில்தான் எனக்குக் குமட்டியது.

அன்றைக்குத்தான் முதல் சீட்டை எழுதினேன். 'உன் மூக்கைப் பாத்தா சோறு எறங்க மாட்டேங்குது.' பிள்ளைகள் எப்படி எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாதா. டீச்சர் சொன்னால் திட்டு, கூடப் படிப்பவர்கள் சொன்னால் உறைக்கும். நான் எதிர்பார்த்தது ஒரு கைக்குட்டை, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை சீட்டைக் காணோம். பிறகு வேறு சீட்டுகள் சேர்ந்தன. அவையும் காணாமல் போயின. யார் எப்போது அழித்தார்கள் என்பது பலகையின் பதிவில் இருக்கும். அதை டீச்சர் மட்டும் பார்க்கலாம். பார்த்தேன். பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு நாள் சீக்கிரமாக வந்து, அவள் வருவதற்குள் அழித்துக்கொண்டிருந்தார்கள். இது ஒழுங்கீனம். அழிக்கிற வசதியைப் பூட்டினேன். அழிந்தவற்றை மீட்டு ஒட்டினேன்.

அதற்கடுத்த நாள் பார்த்தால், ஒவ்வொரு சீட்டின் மேலும் ஒரு மஞ்சள் சீட்டு. ஒன்றுமே எழுதாத வெறும் சீட்டு. அழிக்கத்தான் முடியாது, மூடலாம் இல்லையா.

வியாழக்கிழமை பலகையைப் பெரிய திரையில் போட்டேன். பிறர் சொல்லும் குறையைக் கேட்பதும் படிப்புதான் என்று சொன்னேன். மஞ்சள் சீட்டுகளை ஒவ்வொன்றாக என் விரலால் நகர்த்தினேன். அவள் நன்றாகப் படிப்பாள் என்றார்களே, அவளையே எழுந்து படிக்கச் சொன்னேன்.

"டீச்சர், வேணாம் டீச்சர்," என்றாள் தலைவி. காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பதினொரு சீட்டுகளையும் படித்தாள். சத்தமாக, நிறுத்தி நிதானமாக. ஒரு உறிஞ்சல்கூட இல்லை. வழிந்தது வழிந்தபடி இருக்க, கையைத் தூக்கவே இல்லை. முடித்ததும் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டாள். கொடுத்தேன்.

கை கழுவும் தொட்டியைத் தேய்க்கிற கம்பி நாரை எடுத்து மூக்கையும் உதட்டையும் தேய்த்திருக்கிறாள், தோல் போகும்வரை. துப்புரவு அம்மா கத்தியதும் ஓடினேன். ரத்தமும் அதுவுமாகக் கலந்து வழிந்தது. நான் கிட்டே போகவில்லை. தலைவிதான் தன் சட்டை நுனியால் அவள் முகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், கூசாமல்.

புண் ஆறும்வரை ஆபரேஷன் கிடையாதாம். தழும்பு இருக்குமாம். பார்க்கப் போன பிள்ளைகளிடம் அவள் பேசவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள் என்று அவள் அம்மா சொன்னாளாம். பதினொரு பேர் எழுதியதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பதினொரு பேர் யார் யார் என்றுதான் விசாரிக்க வந்த நீங்களும் என்னைக் கேட்கிறீர்கள்.

யாரும் இல்லை, சார். பதினொன்றும் நான் எழுதியவை. பிள்ளைகள் ஒரு சீட்டுகூட எழுதவில்லை. எழுதுவார்கள் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன்.

இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். முப்பத்துமூன்று பிள்ளைகள், சண்டை சச்சரவு இல்லாமல், முறை வைத்து, ஒரே வேலையைச் சேர்ந்து செய்தார்கள். அந்தப் பலகை எதற்காக வந்ததோ அது நடந்தது. வேறு எந்த வகுப்பிலும் நடக்கவில்லை, என் வகுப்பில்தான் நடந்தது.