இரு பக்கமும் கமிஷன்

பங்குச்சந்தை ஒரு நாளைக்கு ஆறேகால் மணி நேரம் திறந்திருக்கும். அதில் நான் தொலைபேசியில் பேசுவது பத்து நிமிடம் இருந்தால் அதிகம். எனக்குக் கூச்சம். எதிர்முனையில் "யாருங்க?" என்று யாராவது கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். பெரியப்பாவிடம் மட்டும் அந்தத் தொல்லை இல்லை.

நான் தரகு அலுவலகத்தில் சேர்ந்தபோது முதல் கணக்கைத் திறந்தவர் அவர்தான். பிள்ளையில்லாதவர். என்னைப் படிக்கவைத்தவரும் அவரே. அடுத்த வருடம் தன் மருந்துக்கடையில் மயங்கி விழுந்தார். வலது கை விளங்காமல் போயிற்று. கடையை விற்ற பணத்தை, பத்திரமாக இருக்கட்டும் என்று பெரியம்மா அதே கணக்கில் போட்டார்.

நான் செய்துகொடுத்தது முன்பேர வணிகம். ஒரு பங்கைப் பின்னொரு நாளில் இன்ன விலைக்கு வாங்குவதாக இன்றே ஒப்புக்கொள்வது. அந்த நாள் வருமுன் ஒப்பந்தத்தை விற்றுவிடுவது. வாங்கும்போது ஒரு கமிஷன், விற்கும்போது ஒரு கமிஷன். லாபமோ நஷ்டமோ, கமிஷன் நிற்காது. நான் இயற்பியல் படித்தவள். ஒரு மரக்கட்டையைத் தள்ளிவிட்டுப் பழைய இடத்துக்கே இழுத்து வந்தாலும் உராய்வில் போனது போனதுதான். பெரியப்பாவின் பணத்தை நான் தினமும் தள்ளி இழுத்தேன்.

"உன்ன வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன். இந்தக் கிளைக்கே நீதாம்மா சோறு போடுற," என்றார் மேலாளர். கூட வேலை பார்த்த இருவரை அனுப்பியபோதும் என் நாற்காலி அங்கேயே இருந்தது.

உங்கள் விசாரணை அறிக்கையில் திருட்டு என்று எழுதாதீர்கள் ஐயா. ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளரின் சம்மதம் தொலைபேசியில் பதிவாக வேண்டும் என்பது விதி. நான் ஒரு நாளும் அதை மீறியதில்லை. பெரியம்மா போனைப் பெரியப்பாவின் காதருகே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். பங்கு, விலை, அளவு எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்வேன்.

"வாங்கலாமா பெரியப்பா?"

"சரி."

"வித்துடலாமா?"

"சரி."

குரலில் அவ்வளவு பிரியம் இருக்கும். பதிவில் நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

"உன் போன் வந்தாத்தான்டி இந்த மனுஷன் சிரிக்கிறாரு," என்பார் பெரியம்மா. "கல்யாணத்தன்னைக்கு என்னப் பாத்துக்கூட இப்படிச் சிரிக்கல."

அவருக்கு நல்லதுதான் செய்கிறேன் என்று அப்போதெல்லாம் தோன்றும்.

போன மாதம் பெரியம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "வீட்டுக்கு வந்து பயிற்சி குடுக்குதே அந்தப் பொண்ணு, அதுக்குச் சம்பளம் பாக்கி நிக்குது. கொஞ்சம் எடுத்துக் குடும்மா."

"மார்க்கெட் எறங்கியிருக்கு பெரியம்மா. கொஞ்சம் பொறுங்க."

சந்தை இறங்கவில்லை. எடுக்கத்தான் ஒன்றும் இல்லை. எல்லாம் கமிஷனாகவே போயிருந்தது.

அந்தப் பெண் கடைசியாக வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா, 'வேண்டாம்'னு சொல்ல வச்சிருப்பேன்."

அவள் கொடுத்தது பேச்சுப் பயிற்சி. விழுந்த நாளிலிருந்து பெரியப்பாவின் வாயில் வருவது ஒரே ஒரு சொல். பசிக்கிறதா என்றாலும், வலிக்கிறதா என்றாலும், "சரி"தான். முதல் போனைச் செய்வதற்கு முன்பே அது எனக்குத் தெரியும்.