பிரெய்ரி ஸ்டாரைச் செய்த ஆலை

காப்பிக்கு நன்றி, அதிகாரி. சர்க்கரை போடாமல் குடிப்பதுதான் எனக்கும் வழக்கம்.

மரம் சீவும் பழைய இழைப்புளிகளில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். அந்தக் காலத்து ஹார்டுவேர் கடைக்காரர்கள் ஏதோ ஓர் ஆலையில் செய்து வாங்கி, தங்கள் கடைப் பெயரைத் தகட்டில் பொறித்து விற்றார்கள். பெயரை நம்ப முடியாது. யார் செய்தது என்று தெரிய, கழற்றி, வெட்டுத்தகடு சாய்ந்திருக்கும் இரும்புத் துண்டைப் பார்க்க வேண்டும். தவளை என்போம் அதை. ஒஹாயோவில் அதைப் பார்த்துச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. எல்லோரும் புரட்டுவது என் புத்தகத்தைத்தான்.

பிரெய்ரி ஸ்டார் கடையின் இழைப்புளிகள் மார்லோ ஆலையில் செய்தவை என்று முப்பது வருடங்களுக்கு முன் எழுதினேன். போன வியாழன் மதியம் என் நண்பன் லைல் பெக்ஸ்ட்ரம் ஒரு பிரெய்ரி ஸ்டார் இழைப்புளிப் பெட்டியோடு வந்தான். கடை முத்திரை உடையாத பெட்டி. என் முன்னால்தான் பிரித்தான். தவளையைக் கழற்றிக் காட்டினான்; அதன் அடியில் வேறோர் ஆலையின் பெயர் வார்ப்பிலேயே இருந்தது. மறுபடி முடுக்கி வைத்தான்.

"சனிக்கிழமை நம்ம சேகரிப்பாளர் கிளப்புல காட்டுறதுக்கு முன்னாடி நீ பாக்கணும்னு தோணுச்சு, எமரி. முப்பது வருஷமா தப்பான ஆளுக்குப் பேர் வாங்கிக் குடுத்திருக்கியே, பெரிய மனுஷா!" என்று சிரித்தான். அதில் கெட்ட எண்ணம் இல்லை. எனக்கு வலித்தது அதனால்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று நிலவறையில் இருக்கிறது, எடுத்து வா என்றேன். படியில் ஒரு பலகை உளுத்திருந்ததைச் சொல்ல மறந்துவிட்டதாக நேற்று உங்களிடம் சொன்னேன்.

விழுந்த சத்தம் கேட்டது. "எமரி, கால் போச்சு. ரத்தம் நிக்கல. ஆம்புலன்ஸக் கூப்பிடுடா."

நான் திருப்புளியை எடுத்தேன். தவளைக்கு இரண்டே திருகு. அவசரப்பட்டால் திருகின் தலை சிதைந்துவிடும். நான்கு முறை கூப்பிட்டான். ஐந்தாம் முறை குரல் தணிந்திருந்தது.

"நீ அதக் கழட்டுறியா, எமரி?"

திருகு கிறீச்சிட்டது கீழே கேட்டிருக்கிறது. அதன் பிறகு அவன் கூப்பிடவே இல்லை. இப்போது வீட்டில் எந்தக் கதவு கிறீச்சிட்டாலும் அந்தக் கேள்வி படியேறி வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, அதிகாரி.

நான் மறக்கவில்லை. அந்தப் பலகையை நினைத்துத்தான் அவனை அனுப்பினேன். அவன் இழைப்புளியில் மார்லோ தவளை ஒன்றைப் பொருத்தி, கை கழுவி, நாற்பது நிமிடம் கழித்து போன் செய்தேன். கழற்றிய தவளையைப் பிறகு ஆற்றில் போட்டேன்.

புத்தகத்தின் அடுத்த பதிப்பை லைலுக்குச் சமர்ப்பித்திருக்கிறேன். பிரெய்ரி ஸ்டார் பக்கத்தை மட்டும் மாற்றவில்லை. ஆதாரம் இல்லாமல் நான் எதையும் எழுதுவதில்லை.