இருபத்தஞ்சு பேர் வரணும்

அந்தக் கடிகாரம் சரியாத்தாம்மா ஓடுது, உங்க கைக்கடிகாரத்தோட ஒத்துப் பாக்க வேணாம். ரெண்டு மணி பத்து நிமிஷம். எங்க கிரேக்க ஆளுங்களுக்கு ரெண்டுன்னா மூணு. சொந்தக் கல்யாணத்துக்கே பாதிரியாரைக் காக்க வச்சவங்க நாங்க. உக்காருங்க. மூணு மணி வரைக்கும் பாத்துட்டு அப்புறம் உங்க நகராட்சிக் கோப்புல எழுதிக்குங்க. குத்தகைப் பத்திரத்துல மணி ஏதும் போட்டிருக்கா? இல்லல்ல. ஆண்டுக் கூட்டத்துக்கு உறுப்பினர் இருபத்தஞ்சு பேர் வந்தா மண்டபம் எங்க கையில, வரலைன்னா நகராட்சிக்கு. எனக்கு மனப்பாடம்.

உறுப்பினருக்கு அனுப்பின கூட்ட நோட்டீஸ் நகலா? தரேன், தரேன். கோப்புல வைக்கணும், தெரியும். மொதல்ல காப்பியைக் குடிங்க. கலக்கிடாதீங்க, அடியில தூள் நிக்கும். இந்த எள்ளு வளையம் ஒண்ணு எடுத்துக்குங்க. நான் சுட்டதுதான். நாப்பது வருஷம் பேக்கரி வச்சிருந்தேன், பின்னாடித் தெருவுல. இப்ப அங்க நாய்க்கு முடி வெட்டறாங்க.

நாற்காலியா? நானேதான் போட்டேன், காலையிலேர்ந்து. அறுவது. இருபத்தஞ்சு மட்டும் போட்டா, வர்றவங்க ஏன் இவ்வளவு கொஞ்சமான்னு கேப்பாங்க. அறுவது போட்டா ஏன் இவ்வளவு காலின்னு கேப்பாங்க. கேக்கறதுக்கு ஆள் வந்தாச் சரி.

போன வருஷம் பத்தொம்போது. உங்களுக்கு முன்னாடி இருந்தவர் நல்ல மனுஷன், ஒரு வருஷம் தவணை குடுத்தார். அதுலயும் ரெண்டு பேர் கழிப்பறை தேடி உள்ள வந்தவங்க, அவருக்குத் தெரியும், எழுதிக்கிட்டார்.

அந்தப் படமா? எவன்தியா. என் சம்சாரம். அவ தலைவி, நான் செயலாளர். வீட்டுலயும் அப்படித்தான். போய்ச் சேந்து ரெண்டு வருஷம் ஆகுது. இல்ல, பரவால்லம்மா, நீங்க எதுக்கு வருத்தப்படறீங்க.

உங்க ஆளுங்களுக்கும் மெல்பர்ன்ல சங்கம் இருக்குமே? மூணா? ஒரே ஊருக்கு மூணா! அப்ப உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். எங்களுக்கு அன்னிக்கு ஆறு இருந்துச்சு. தீவுக்காரங்களுக்கு ஒண்ணு, மலைக்காரங்களுக்கு ஒண்ணு, வடக்கு, தெக்கு, சைப்ரஸ், அப்புறம் எகிப்துல பொறந்த கிரேக்கருங்களுக்குத் தனியா ஒண்ணு. ஆறு கொடி, ஆறு தலைவர், ஆறு முத்திரை. ஒருத்தர் விருந்துக்கு இன்னொருத்தர் போக மாட்டாங்க. போனாலும் சாப்பாடு சரியில்லைன்னு சொல்லத்தான் போவாங்க.

எவன்தியா துணி ஆலையில தைச்சுக்கிட்டிருந்தா. அவ பக்கத்து மிஷின்ல ஃபோத்தினின்னு ஒருத்தி, வடக்குப் பொண்ணு, கட்டிக்கிட்டது தெக்கத்திக்காரனை. அவன் முந்தியே போயிட்டான், புள்ளை குட்டி கிடையாது. ஒருநாள் அவளும் செத்துட்டா. வடக்குச் சங்கத்துல கேட்டா, தெக்க கட்டிக் குடுத்தாச்சே, எங்க கணக்குல இல்லைன்னான். தெக்க கேட்டா, எங்காளுதான் செத்துட்டானே, அப்புறம் அவ எப்படி எங்களுக்கு ஆவான்னான். பொட்டியைத் தூக்க ஆள் இல்லம்மா. சவப்பொட்டிக் கடை ஆளுங்க மூணு பேர் தூக்கினாங்க, நாலாவது தோள் எவன்தியா குடுத்தா. பொம்பளை தோள் குடுக்கறது அப்பல்லாம் கிடையாது. வீட்டுக்கு வந்தவ செருப்பைக்கூடக் கழட்டல. லாசரே, குழிக்குத் தூக்கிட்டுப் போறதுக்கும் எந்த ஊருன்னு கேப்பீங்களா நீங்கல்லாம்னா.

என்னை ஏன் கேக்கறா? எனக்கு ஊரே கிடையாது. அநாதை இல்லத்துல வளந்தவன். எந்தச் சங்கத்துலயும் என்னைச் சேத்துக்கல, சேத்துக்கறதுக்கு அவங்களுக்கு ஒரு கிராமத்துப் பேர் வேணும். எனக்குன்னு கிடைச்ச சங்கம் இது ஒண்ணுதாம்மா.

ஆறு சங்கத்தையும் ஒண்ணாக்கணும்னு நாலு வருஷம் வீடு வீடா நடந்தா. மலைக்காரங்க தலைவர் கிரிகோரிஸ் சொல்வார், உன் பொண்டாட்டி வர்றது தெரிஞ்சா நான் கோழிக் கூண்டுல போய் ஒளிஞ்சுக்கறேன்டா, அங்கயும் வந்துடறா, கோழிங்களையும் உறுப்பினரா சேத்துடுவா போலன்னு. ஆனா கையெழுத்துப் போட்டார். ஆறு பேரும் போட்டாங்க. கூட்டமைப்பு ஆச்சு. நகராட்சி இந்த மண்டபத்தைக் குடுத்துச்சு.

கார் சத்தமா? இல்ல, அது எதிர்த்தாப்ல கண்ணாடிக் கடைக்கு. உக்காருங்க.

மொத வருஷமே புது வருஷக் கேக் வெட்டணும்னா. எங்க வழக்கம் அது. பெரிய வட்டக் கேக்குக்குள்ள ஒரு காசை வச்சுச் சுடுவோம். வெட்டறப்ப மொதத் துண்டு கிறிஸ்துவுக்கு, அடுத்தது மாதாவுக்கு, அப்புறம் வீட்டுக்கு, அப்புறம் ஆளாளுக்கு. யார் துண்டுல காசு வருதோ, அந்த வருஷ அதிர்ஷ்டம் அவருக்கு. காசு ஒண்ணுதான். எந்த வீட்டுலயும் ஒண்ணுதான்.

இதுக்கு மட்டும் மூணு கூட்டம் நடந்துச்சு. மாதாவுக்கு அடுத்த துண்டு எந்தத் தலைவருக்கு? தீவுக்காரங்க தலைவர் நிகித்தாஸ், கிரிகோரிஸுக்குக் காசு வந்தா வருஷம் பூரா அவன் மீசையைப் பிடிக்க முடியாதுன்னார். கிரிகோரிஸ், தீவுக்காரன் கையில அதிர்ஷ்டம் போனா கப்பல் ஏத்தி வித்துடுவான்னார். கேக்கே வேணாம்னு நான் சொன்னேன். எவன்தியாதான் ராத்திரி முழுக்க யோசிச்சுட்டுக் காலையில சொன்னா. லாசரே, ஆறு வை. ஆறு பேருக்கும் வரட்டும். எல்லாரும் திருதிருன்னு முழிக்கறப்ப நான் எந்திரிச்சு, இந்த வருஷம் எல்லாருக்கும்தான்யா அதிர்ஷ்டம்னு சொல்றேன். சிரிச்சுடுவாங்கன்னா.

நான்தாம்மா வச்சேன். ஆறு காசு. காசு இருக்கற இடம் தெரியறதுக்கு மேல பாதாம் பருப்பு பதிச்சு அடையாளம் பண்ணி வச்சேன். இதை வெளி ஆள்கிட்ட சொல்றது இன்னிக்குத்தான்.

அன்னிக்கு முன்னூறு பேர் இங்க. நிக்க இடமில்ல. மொதத் தலைவர் துண்டு நிகித்தாஸுக்குன்னு சீட்டுப் போட்டதுல வந்துச்சு. பிட்டார், காசு. அவர் குதிப்பார்னு எல்லாரும் பாத்தா, மனுஷன் காசை முத்தம் குடுத்துட்டு அழ ஆரம்பிச்சுட்டார். அவர் மகன் அப்ப ஆஸ்பத்திரியில, தலையில கட்டி. மறுநாள் அறுவை. எங்களுக்குத் தெரியாதும்மா. யார்கிட்டயும் சொல்லாம வந்திருக்கார். பொழைச்சுக்குவான், பொழைச்சுக்குவான், கடவுள் காமிச்சுட்டார்னு அழறார். முன்னூறு பேரும் சிலுவை போட்டுக்கறாங்க. மலைக்காரங்க பொம்பளைங்க போய் அவர் சம்சாரத்தைக் கட்டிக்கிட்டாங்க. அந்த ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எவன்தியா கேட்டது நடந்துச்சு.

அப்ப கிரிகோரிஸ் வாயிலேர்ந்து அவரோட காசை எடுத்தார்.

எவன்தியா எந்திரிச்சா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். வாயைத் திறந்தா, நிகித்தாஸ் மூஞ்சியைப் பாத்தா, உக்காந்துட்டா. எப்படிச் சொல்லுவா? உன் மகன் பொழைப்பான்னு கடவுள் சொல்லல, நான்தான் பாதாம் பருப்பு வச்சேன்னா?

அப்புறம் என்ன. மலைக்காரன் பையில காசோட வந்திருக்கான், என் புள்ளை உசுரை வச்சு விளையாடறான்னு நிகித்தாஸ், கிரிகோரிஸ் மேல பாஞ்சார். நாற்காலி பறந்துச்சு. மத்த நாலு பேர்ல மூணு பேர் அவங்கவங்க காசைச் சத்தமில்லாமப் பையில போட்டுக்கிட்டாங்க. தெக்கத்தித் தலைவர் பயத்துல முழுங்கிட்டார்னு அவர் சம்சாரம் அப்புறம் சொன்னா. நல்லா சிரிங்க, நாங்களும் ஒரு நாள் சிரிச்சோம்.

பையனா? பொழைச்சான். பெர்த்ல இருக்கான், வழுக்கை விழுந்துடுச்சு. ஆனா கூட்டமைப்பு அன்னியோட சரி. பேர் இருக்கு, பட்டியல் இருக்கு, இந்த மண்டபம் இருக்கு. கூட்டத்துக்கு வந்தாத் தனித்தனி மேஜை. அப்புறம் அதுக்கும் வரல.

எவன்தியா சாவுக்கா? வந்தாங்க. பதினோரு பேர். ஆறு மலர் வளையம், ஆறு சங்கத்துப் பேர்ல. கூட்டமைப்பு பேர்ல ஒண்ணும் இல்ல. யாரையும் சொல்லக் கூடாது, அதைப் போட வேண்டியவர் செயலாளர். நான் மறந்துட்டேன்.

மணி என்ன? ரெண்டு அம்பதா. பத்து நிமிஷம் இருக்கு.

கடைசியா ஆஸ்பத்திரியில எவன்தியா ஒண்ணுதான் கேட்டா. நடந்ததை எழுது, எல்லாருக்கும் போடு, கூப்பிடு. இத்தனை வருஷம் வெறுமனே கூப்பிட்டோம், அதான் வரல. உண்மையைச் சொல்லிக் கூப்பிட்டா வருவாங்கன்னா. சாகறப்பவும் அவளுக்கு அந்த நம்பிக்கை. போன வருஷம் என்னால எழுத முடியல. இந்த வருஷம் எழுதினேன். பட்டியல்ல இருக்கற நூத்தி நாப்பத்திரெண்டு பேருக்கும் கையாலயே. ஆறு காசு வச்சது நாங்க, யாரும் யாரையும் ஏமாத்தல, வாங்கன்னு. அதான் இந்த வருஷ நோட்டீஸ்.

தலைவருங்கள்ல இப்ப உசுரோட இருக்கறது நிகித்தாஸ் ஒருத்தர்தான். முதியோர் இல்லத்துல இருக்கார். தபால்ல தெரிஞ்சுக்க வேணாம், நேர்ல படிச்சுக் காட்டலாம்னு போன மாசம் போனேன். என்னை அடையாளம் தெரியல. பேக்கரி லாசரோஸ்னு சொன்னதும், அட, அந்தக் கேக்குக்காரனான்னார். சட்டைக்குள்ளேர்ந்து சங்கிலியை இழுத்துக் காமிச்சார். காசுல ஓட்டை போட்டுக் கோத்திருக்கார். தேஞ்சு வழுவழுன்னு ஆயிடுச்சு. கிரிகோரிஸோடது கள்ளக் காசு, இதுதான் நிஜம், இதுதான் என் புள்ளையைக் குடுத்துச்சு, தொட்டுப் பாருன்னார்.

தொட்டுப் பாத்தேன். கடுதாசை எடுக்கல. அவருக்குக் கொஞ்சம் தயிர் ஊட்டிவிட்டுட்டு வந்துட்டேன்.

மத்தவங்களா? மத்தவங்களும் வர மாட்டாங்கம்மா. சும்மா வாசலைப் பாக்காதீங்க, எனக்கும் கழுத்து வலிக்குது. அந்த மேஜைக்கடியில ஒரு பிஸ்கட் டப்பா இருக்கு பாருங்க, பெரிசு. இழுங்க, எனக்குக் குனிய முடியாது. நகல் கேட்டீங்கள்ல? நகல் எடுக்கல. அசலே எல்லாம் அதுலதான் இருக்கு. நூத்தி நாப்பத்திரெண்டும். ஸ்டாம்ப் ஒட்டியாச்சு. தபால் பெட்டி வரைக்கும் மூணு தடவை போனேன்.

நிகித்தாஸுக்காகத்தான்னு எனக்கு நானே சொல்லிக்கறேன். அது பாதி. போட்டிருந்து, உண்மையைச் சொல்லிக் கூப்பிட்டிருந்து, அப்பவும் யாரும் வரலைன்னா? இப்ப அவங்களுக்குத் தெரியாது, அதனால வரல. அப்படி ஒரு காரணம் மிச்சம் இருக்கு பாருங்க. எவன்தியாவுக்குச் சொல்லிக்கலாம்.

ஒண்ணை எடுத்துக் கோப்புல வச்சுக்குங்க. மணி மூணாச்சு. எழுதிக்குங்கம்மா, வந்தவங்க ஒருத்தர்னு. எழுதிட்டு ஒரு கை குடுங்க, நாற்காலியை மடக்கணும்.