நான்கு ஆண்டு நீண்ட பகல்

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் படம் எடுப்பவனுக்கு வானம்தான் முதலாளி, மச்சான். மேகம் கூடினால் அன்றைக்கு வேலை இல்லை.

கேமரா கல்யாண வீடியோக்காரருடையது. கல்யாணம் இல்லாத ஞாயிறுகளில்தான் தருவார். ஒலிப்பதிவுக்கு மருந்துக்கடைக்காரர். இப்படியே நான்கு ஆண்டுகள். கதையோ ஒரே பகலில் நடப்பது: ஒரு பெண் காலையில் வீட்டை விட்டு இறங்குகிறாள், பொழுது சாய்வதற்குள் திரும்புகிறாள். அந்தப் பெண் உன் அக்கா. அவளை விட்டால் வேறு ஆள் பொருந்தாது என்று எல்லோரிடமும் சொன்னேன். நடிகையை வைக்க வக்கில்லை என்பதுதான் உண்மை.

நான்கு ஆண்டுகளும் அவள் அந்த ஒரே நாளில் இருக்க வேண்டியிருந்தது. அதே நீலச் சேலை. இடுப்பைத் தொடும் அதே பின்னல். அதன் நீளத்துக்கு ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். மிஞ்சியதை மாதாமாதம் நான் வெட்டினேன்.

"பக்கத்து வீட்டம்மா எனக்கு மாத்துச் சேலையே இல்லன்னு நெனச்சு ஒண்ணு குடுக்க வந்துட்டாங்க," என்று சிரிப்பாள். "இந்தப் பகல் எப்பங்க இருட்டும்? கால் கடுக்குது."

பிள்ளையைத் தள்ளிப்போட்டதும் அதனால்தான். வயிறு தெரிந்தால் காலையில் இறங்கியவளும் மத்தியானம் பேருந்து ஏறுபவளும் வேறு வேறு ஆளாகிவிடுவார்கள். அவளும் ஒப்புக்கொண்டாள்.

மார்பில் கட்டி இருப்பதை அவளே கண்டாள். பரிசோதனை முடிவை வாங்கப் போனவன் நான். ஆய்வுக்கூடத்து வாசலில் நின்று படித்தேன். என்ன மருந்து ஏற்றுவார்கள், எத்தனை வாரத்தில் தலைமுடி கொட்டும் என்பதெல்லாம் என் அம்மாவுக்குப் பார்த்து எனக்குப் பழக்கம். இன்னும் பதினொரு காட்சிகள் பாக்கி இருந்தன.

"என்னங்க சொன்னாங்க?"

"வெறும் கொழுப்புக் கட்டியாம். ஒண்ணும் பண்ணாது."

"அப்பாடா. உங்க மூஞ்சியப் பாத்துப் பயந்தே போயிட்டேன். ஞாயித்துக்கிழமை கேமரா வருதா?"

வந்தது. மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மழையும் கல்யாணங்களுமாக ஏழு மாதம் இழுத்துவிட்டது. கடைசிக் காட்சியில் அவள் படியேற வேண்டும். பாதியிலேயே மூச்சு வாங்கியது. "என்னமா நடிக்கிறாங்க!" என்றார் மருந்துக்கடைக்காரர். நான் இன்னொரு முறை எடுத்தேன்.

மறுநாளே பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் என்னைக் கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் அவள் சொன்னாள்: "அவரத் திட்டாதீங்க டாக்டர். நான்தான் வலிக்குதுன்னு சொல்லாம இருந்துட்டேன்."

நான் மறுக்கவில்லை. அதன்பின் நான்கு மாதம் இருந்தாள்.

படத்தை இரண்டு இடங்களில் திரையிட்டேன். முப்பது பேர் வந்திருப்பார்கள். பாதியில் சிலர் எழுந்து போனார்கள். அது ஒரே பகல் இல்லை என்று ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

கேமராப் பையில் நீ கண்டெடுத்த காகிதம் அந்தப் பரிசோதனை முடிவுதான். தேதியை நீ சரியாகத்தான் படித்திருக்கிறாய். தெரிந்தேதான் செய்தேன். ஆனால் அந்த ஏழு மாதமும் உன் அக்கா பயமில்லாமல் தூங்கினாள்; அதையும் நீ நினைத்துப் பார்க்க வேண்டும். இன்னொரு தடவை அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.